ஐம்பது குச்சிகள் சொல்லும் தீர்ப்பு

விருதுநகர் பருப்புக்கும் எண்ணெய்க்கும் மிளகாய் வற்றலுக்கும் பேர்போன ஊர். அங்கே சரக்கு வாங்க வரும் வியாபாரி என்ன செய்வார் தெரியுமா? நூறு மூட்டைத் துவரை இருந்தால் நூறையும் அவிழ்த்துக் கொட்டிப் பார்க்க மாட்டார். கூர்மையான குத்தூசியைச் சாக்கில் செருகி இழுப்பார். உள்ளங்கையில் வந்து விழும் கொஞ்சம் பருப்பைப் புரட்டிப் பார்ப்பார். ஒன்றிரண்டை வாயில் போட்டுக் கடித்தும் பார்ப்பார். அவ்வளவுதான், விலை பேசத் தொடங்கிவிடுவார்.

உங்கள் வீட்டு அடுப்படியிலும் இதுதான் நடக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். எல்லா அரிசியும் ஒரே பானையில், ஒரே கொதிநீரில், ஒரே நேரம் வெந்திருக்கிறது. அகப்பையால் கிளறியும் விட்டாயிற்று. ஆகவே ஒரு சோறு மற்றச் சோறுகளுக்குச் சாட்சி சொல்கிறது.

ஆனால் எல்லாப் பொருளும் பானைச் சோறு ஆகுமா? அதே மாவட்டத்தில் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிவகாசிக்குப் போய் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்போம்.

சோதித்தால் சரக்கு தீர்ந்துவிடும்!

1922-ஆம் ஆண்டு அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினர். மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த அந்த வட்டாரத்துக்கு இத்தொழில் நன்றாகப் பொருந்தியது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சுத்தொழிலும் அங்கே வளர்ந்தன.

தீக்குச்சியின் தலையிலுள்ள மருந்தில் முக்கியமானது பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசும்போது தீ பிறக்கிறது. ஆனால் சில குச்சிகள் உரசினாலும் பற்றுவதில்லை. மருந்தைப் பிடித்து வைத்திருக்கும் பசையில் ஈரம் ஏறியிருக்கலாம். மருந்து சரியாக ஒட்டாமல் போயிருக்கலாம். உரசும்போது தலை உதிர்ந்து விழலாம். ஒரே கட்டில் வந்த குச்சிகளானாலும் ஒவ்வொன்றின் கதையும் வேறு. எனவே ஒரு குச்சி பற்றியது என்பதற்காக எல்லாம் பற்றும் என்று சொல்வதற்கில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் உரசிப் பார்த்துவிடலாமே என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல். உரசிப் பார்த்த குச்சி கரிக்கட்டையாகிவிடும். பல்லாயிரம் குச்சிகளையும் உரசினால் சரக்கின் தரம் துல்லியமாகத் தெரிந்துவிடும். விற்பதற்குத்தான் சரக்கு இருக்காது! பட்டாசும் இப்படியே. தீபாவளியன்று நீங்கள் வெடிக்கும் வெடியை உங்களுக்கு முன்னால் யாரும் வெடித்துப் பார்த்ததில்லை. அதன் கூடப்பிறந்த சில வெடிகளைத்தான் வெடித்துப் பார்த்திருப்பார்கள்.

ஆகவே சிலவற்றை எடுத்துச் சோதித்து, மிச்சமிருப்பவற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைக் கூறெடுப்பு என்பர். இப்படிச் சொல்லும் தீர்ப்பில் எவ்வளவு தவறு வரலாம் என்று முன்கூட்டியே கணக்கிட்டுத் தருவது புள்ளியியல். அந்தக் கணக்குக்கு எடுகோள் சோதனை என்று பெயர்.

முதலில் ஒரு எடுகோள்

நூற்றுக்கு 2 குச்சி பற்றாமல் போவது சகஜம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு வியாபாரி சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 10 குச்சி பற்றாவிட்டால் அந்தச் சரக்கு அவருக்கு வேண்டாம்.

சோதனையைத் தொடங்குமுன் ஒன்றை நம்பிக்கொண்டு தொடங்குகிறோம்: ‘இந்தச் சரக்கு நல்லது. நூற்றுக்கு 2-க்கு மேல் பழுதில்லை.’ இது இன்மை எடுகோள். அதாவது, புகார் சொல்ல எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வது. இதற்கு எதிரானது மாற்று எடுகோள்: ‘சரக்கில் பழுது அதிகம்.’ நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவரைக் குற்றமற்றவர் என்று கொண்டே விசாரணை தொடங்குகிறது அல்லவா? அதைப் போன்றதுதான் இதுவும். சாட்சியம் வலுவாக இருந்தால் மட்டுமே இன்மை எடுகோளைக் கைவிடுவோம்.

இங்கே சாட்சிகள் யார்? சரக்கின் பல இடங்களிலிருந்தும் எடுத்த 50 தீக்குச்சிகள். மேலே இருக்கும் பெட்டியிலிருந்து மட்டும் எடுத்தால் போதாது. ஈரச் சுவரை ஒட்டி அடுக்கிய பெட்டிகளும் இருக்கலாமே! எந்தக் குச்சிக்கும் அகப்படும் வாய்ப்பு ஒன்றுபோல் இருக்க வேண்டும். சோற்றுப் பானையைக் கிளறிவிடுவது போன்ற வேலை இது.

இரண்டு வகைப் பிழைகள்

தீர்ப்பு எப்படித் தவறாகப் போகலாம்? சிலப்பதிகாரக் கதையை நினைத்துப் பாருங்கள். மதுரையில் அரசியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். பாண்டிய மன்னனோ தீர விசாரிக்காமல் கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். குற்றமற்ற கோவலன் தண்டிக்கப்பட்டது ஒரு பிழை. குற்றவாளியான பொற்கொல்லன் அகப்படாமல் தப்பியது இன்னொரு பிழை. (பிறகு கண்ணகி சிலம்பை உடைத்து உள்ளேயிருந்த மாணிக்கத்தைக் காட்டினாளே, அதுவும் பொருளை அழித்துச் செய்த சோதனைதான்!)

புள்ளியியலிலும் இதே இரண்டு பிழைகள் உண்டு. நல்ல சரக்கைக் கெட்டது என்று தள்ளிவிடுவது முதல் வகைப் பிழை. கெட்ட சரக்கை நல்லது என்று ஏற்றுக்கொள்வது இரண்டாம் வகைப் பிழை. முதலாவதில் நட்டம் செய்தவருக்கு. இரண்டாவதில் நட்டம் வாங்கியவருக்கு. அதனால் தொழில்துறையில் இவற்றின் வாய்ப்புகளை உற்பத்தியாளர் இடர் என்றும் நுகர்வோர் இடர் என்றும் சொல்வதுண்டு.

கோட்டை எங்கே போடுவது?

50 குச்சிகளை உரசுகிறோம். எத்தனை பற்றாவிட்டால் சரக்கைத் தள்ளலாம்?

‘ஒன்றுகூடப் பழுதாக இருக்கக் கூடாது’ என்று கண்டிப்பாக இருந்து பார்ப்போம். நல்ல சரக்கில் ஒரு குச்சி பற்றும் நிகழ்தகவு 0.98. ஐம்பதும் பற்ற வேண்டுமானால் 0.98-ஐ ஐம்பது முறை பெருக்க வேண்டும். விடை சுமார் 0.36. அதாவது, நல்ல சரக்காகவே 100 வந்தாலும் அவற்றில் சுமார் 36 மட்டுமே தேறும். 64-ஐத் திருப்பி அனுப்பிவிடுவோம்! செய்தவர் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சரி, கொஞ்சம் தாராளமாக இருக்கலாம் என்றால் என்ன ஆகும்? கணக்கிட்டால் கிடைப்பது இது:

பழுது 0 வரை ஏற்றால்: நல்ல சரக்கு தள்ளப்படுவது 100-க்கு 64, கெட்ட சரக்கு தப்புவது 100-க்கு 1-க்கும் குறைவு.
பழுது 1 வரை ஏற்றால்: நல்லது தள்ளப்படுவது 26, கெட்டது தப்புவது 3.
பழுது 2 வரை ஏற்றால்: நல்லது தள்ளப்படுவது 8, கெட்டது தப்புவது 11.
பழுது 3 வரை ஏற்றால்: நல்லது தள்ளப்படுவது 2, கெட்டது தப்புவது 25.
பழுது 4 வரை ஏற்றால்: நல்லது தள்ளப்படுவது 1-க்கும் குறைவு, கெட்டது தப்புவது 43.

இந்த ஐந்து வரிகளையும் மறுபடி ஒருமுறை படியுங்கள். ஒரு பிழை இறங்க இறங்க மற்றொன்று ஏறுகிறது. ஏற்றம் இறைப்பதைப் போல, ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை உயரத்தான் செய்யும். இரண்டு பிழையும் பூச்சியமாக இருக்கும் வரி இந்தப் பட்டியலில் இல்லை. எவ்வளவு நீட்டினாலும் வராது.

இரண்டையும் ஒன்றாகக் குறைக்க வழியே இல்லையா? உண்டு. சாட்சிகளைக் கூட்ட வேண்டும். 50-க்குப் பதில் 100 குச்சிகளை உரசி, பழுது 4 வரை ஏற்பது என்று வைத்தால், நல்லது தள்ளப்படுவது 100-க்கு சுமார் 5. கெட்டது தப்புவது சுமார் 2. இரண்டுமே குறைந்துவிட்டன. ஆனால் அதற்கு விலையாக இன்னும் 50 குச்சிகள் எரிந்துபோயின. நம்பிக்கை இலவசமாகக் கிடைப்பதில்லை!

இன்னொன்றையும் கவனியுங்கள். நூற்றுக்கு 5 பழுதுள்ள இரண்டுங்கெட்டான் சரக்கும் வரும் அல்லவா? 50 குச்சி, 2 பழுது என்ற விதியில் அது தேறும் வாய்ப்பு 100-க்கு சுமார் 54. ஏறக்குறைய காசு சுண்டிப் போடுவது போலத்தான். அப்பட்டமாகக் கெட்டதைப் பிடிப்பது எளிது. கொஞ்சம் கெட்டதைப் பிடிப்பதுதான் கடினம்.

தீர்ப்பு எதைச் சொல்லவில்லை?

50 குச்சிகளில் 4 பற்றவில்லை என்று வைத்துக்கொள்வோம். சரக்கு நல்லதாக இருந்தால், தற்செயலாக 4 அல்லது அதற்கு மேல் பழுது வர வாய்ப்பு 100-க்கு சுமார் 2 மட்டுமே. இவ்வளவு அபூர்வமான ஒன்று தற்செயலாக நடந்தது என்று நம்புவதைவிட, எடுகோளைச் சந்தேகிப்பது மேல். எனவே சரக்கைத் தள்ளுகிறோம். எவ்வளவு அபூர்வமானால் தள்ளலாம் என்று முன்னதாகவே குறித்துக்கொள்ளும் எல்லைக்கு மிகைகாண் நிலை என்று பெயர். இங்கிலாந்தின் புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் வெளியிட்ட நூலில் 20-க்கு 1 என்ற எல்லையைப் பயன்படுத்தினார். இன்றும் பலர் அதையே கையாள்கிறார்கள்.

இங்கே பெரியவர்களும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘இந்தச் சரக்கு நல்லதாக இருக்க வாய்ப்பு 100-க்கு 2’ என்று சிலர் சொல்லிவிடுவார்கள். அது தவறு. மழை பெய்தால் தெரு நனையும். தெரு நனைந்திருக்கிறது என்பதால் மழை பெய்தது என்று சொல்லலாமா? தண்ணீர் லாரி போயிருக்கலாமே! ‘சரக்கு நல்லதாக இருந்தால் இப்படி நடக்க எவ்வளவு வாய்ப்பு’ என்பது ஒரு கேள்வி. ‘இப்படி நடந்ததால் சரக்கு நல்லதாக இருக்க எவ்வளவு வாய்ப்பு’ என்பது வேறு கேள்வி. சோதனை விடை சொல்வது முதல் கேள்விக்கு மட்டுமே.

அதேபோல, பழுது குறைவாக இருந்ததால் சரக்கு நல்லது என்று நிரூபணமாகிவிட்டது எனவும் கொள்ளக் கூடாது. தள்ளப் போதிய சாட்சியம் இல்லை, அவ்வளவுதான்.

எந்தப் பிழைக்கு அதிகம் அஞ்ச வேண்டும்?

நமத்துப்போன தீக்குச்சி ஒன்று உங்கள் வீட்டுக்கு வந்தால் பெரிய நட்டமில்லை. அடுத்த குச்சியை எடுத்து உரசுவீர்கள். எனவே தீப்பெட்டி விஷயத்தில் இரண்டு பிழைகளையும் ஏறக்குறைய சமமாக வைத்துக்கொள்ளலாம்.

பட்டாசில் அப்படியல்ல. புஸ் என்று அடங்கிப்போகும் வெடியால் சில ரூபாய்தான் நட்டம். ஆனால் திரி பற்றிய உடனே வெடித்துவிடும் வெடியால் விரலோ கண்ணோ போகும். இப்போது ஒரு கணக்குப் போடுவோம். 50 வெடிகளை வெடித்துப் பார்த்தார்கள்; ஐம்பதும் ஒழுங்காக வெடித்தன. ஆபத்தில்லை என்று சொல்லலாமா? அந்தச் சரக்கில் நூற்றுக்கு 1 வெடி ஆபத்தானது என்றால், ஐம்பதிலும் அது தலைகாட்டாமல் இருக்க நிகழ்தகவு 0.99-ஐ ஐம்பது முறை பெருக்கினால் வருவது. அது சுமார் 0.60. அதாவது 100 முறை சோதித்தால் 60 முறை ஆபத்து கண்ணில் படாமலே போகும்! ‘நாங்கள் பார்த்தவரை ஒன்றும் ஆகவில்லை’ என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இந்த 60 சொல்லிவிடுகிறது.

இதனால்தான் பாதுகாப்பு பற்றிய கேள்விகளில் எடுகோளையே திருப்பிப் போடுவது நல்லது. ‘ஆபத்தானது’ என்று கொண்டே தொடங்க வேண்டும். ‘ஆபத்தில்லை’ என்பதைக் காட்டும் பொறுப்பைச் செய்தவரிடம் விட வேண்டும். சில ஆபத்துகளுக்கு எந்தக் கூறெடுப்பும் போதாது. குளோரேட்டும் கந்தகமும் கலந்த கலவை லேசான உராய்விலும் அடியிலும்கூட வெடிக்கக் கூடியது. அந்தக் கலவையுள்ள பட்டாசுகளை 1992-இல் மத்திய அரசு அடியோடு தடை செய்துவிட்டது. சிவகாசி வட்டாரத்து மக்களுக்கு இதன் அவசியத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நேர்ந்த விபத்தில் மட்டும் 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

ஒலி விதியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஒலி எழுப்பும் வெடிகளைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று 1999-இல் விதி வந்தது. இதற்கும் வெடித்துத்தான் அளக்க வேண்டும். அளந்தபின் அந்த வெடி இருக்காது. இங்கும் சில வெடிகள் பல வெடிகளுக்குச் சாட்சி. கோட்டை எங்கே போடுவது என்பதைக் கணக்கு மட்டும் தீர்மானிக்க முடியாது. யாருக்கு எவ்வளவு கேடு வரும் என்று மனிதர்கள்தான் எடைபோட்டுச் சொல்ல வேண்டும். கணக்கு செய்வது ஒன்றே: அந்த முடிவின் விலை இன்னதென்று ஒளிக்காமல் காட்டிவிடும்.

‘இன்னொரு முறை பாருங்களேன்!’

கெட்ட சரக்கு ஒன்று சோதனையில் தோற்றுவிட்டது. சரக்குக்காரர், ‘ஏதோ கைராசி சரியில்லை, இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்’ என்கிறார். மறுபடியும் தோற்றால், ‘கடைசியாக ஒரே ஒரு முறை’ என்கிறார். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 50 குச்சி, 2 பழுது என்ற விதியில் கெட்ட சரக்கு ஒரு முறையில் தேற வாய்ப்பு 100-க்கு 11. ஐந்து முறை வாய்ப்புக் கொடுத்து, ஒன்றில் தேறினால் போதும் என்றால், அது 100-க்கு சுமார் 45 ஆகிவிடுகிறது! ஆகவே எத்தனை குச்சி, எத்தனை முறை, எங்கே கோடு என்பதையெல்லாம் முதல் குச்சியை உரசுமுன்பே எழுதி வைத்துவிட வேண்டும். முடிவைப் பார்த்தபின் விதியை வளைப்பது சோதனையாகாது. பள்ளி ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வரும்வரை மறுபடி மறுபடி அளந்து, அந்த ஒன்றை மட்டும் நோட்டில் எழுதுவதும் இதே தவறுதான்.

இதுவும் கல்கத்தா வழியாகத்தான்

இந்த இரு பிழைகளையும் பிரித்துக் காட்டியவர்கள் யெர்சி நெய்மன், எகான் பியர்சன் என்ற இருவர். 1928-க்கும் 1933-க்கும் இடையே இவர்கள் எழுதிய கட்டுரைகளில் இக்கருத்து உருவாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டாட்ஜ், ரோமிக் ஆகியோர் தொழிற்சாலைச் சரக்கைக் கூறெடுத்து ஏற்கும் முறைகளை வகுத்தனர். அதே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஷூஹார்ட், தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தைக் கண்டவர்.

நம் நாட்டில் பி.சி. மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய அழைப்பின் பேரில் 1947-48-இல் ஷூஹார்ட் இந்தியா வந்து தரக்கட்டுப்பாட்டு முறைகளை விளக்கினார். அதன்பின் இம்முறைகள் நம் ஆலைகளுக்குப் பரவின. சிவகாசிக்குத் தீக்குச்சி வந்த அதே கல்கத்தாவிலிருந்துதான் இந்தக் கணக்கும் புறப்பட்டது! மகலனோபிஸ் பிறந்த ஜூன் 29-ஐ 2007 முதல் புள்ளியியல் நாளாகக் கொண்டாடுகிறோம்.

செய்து பாருங்கள்

தீக்குச்சியோ பட்டாசோ இதற்கு வேண்டாம். 100 புளியங்கொட்டைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 கொட்டைகளில் சுண்ணாம்பால் சிறு புள்ளி வையுங்கள். இவைதான் ‘பழுது’. எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குலுக்குங்கள். பார்க்காமல் ஒன்றை எடுங்கள்; புள்ளி உண்டா என்று குறித்துக்கொண்டு மறுபடி பையில் போட்டுக் குலுக்குங்கள். இப்படி 20 முறை செய்யுங்கள்.

உங்கள் வகுப்பில் 40 பேர் இருந்தால், 40 பேரும் தனித்தனியே செய்து முடிவைக் கரும்பலகையில் எழுதுங்கள். 0.9-ஐ இருபது முறை பெருக்கினால் சுமார் 0.12. ஆகவே உங்களில் ஏறக்குறைய 5 பேருக்கு ஒரு புள்ளிகூட அகப்பட்டிருக்காது. அவர்கள் ‘இந்தப் பையில் பழுதே இல்லை’ என்று சத்தியம் செய்யவும் தயாராக இருப்பார்கள்! அவர்கள் கவனக்குறைவாகச் செய்யவில்லை, பொய்யும் சொல்லவில்லை. இருந்தும் அவர்கள் சொல்வது தவறு.

அடுத்து 20-க்குப் பதில் 40 முறை எடுத்துப் பாருங்கள். ஒரு புள்ளிகூட அகப்படாதவர்கள் இப்போது எத்தனை பேர் இருப்பார்கள்? முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டு எழுதி வையுங்கள். பிறகு பையைக் குலுக்குங்கள்.